காற்று மெஷினும் உன் அறைச் சுவரும்

அன்பு மகளுக்கு, உன் அப்பாவின் பத்தாம் நம்பருக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் எழுந்து நடமாடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம். நீயும் அங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், வெளியே போகும்போது கழுத்தை மூடிக்கொண்டு போ. போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய், மெசேஜ் அனுப்பினால் பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறாய், கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது என்ற தைரியத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்பதுகூடப் பொய், இதற்குள் மூன்று முறை எழுந்து போய் உன்னிடமிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று போனைப் பார்த்துவிட்டு வந்தேன். எழுதி முடித்ததும் கூரியரில் போடுவேன், அது உன் கைக்கு வரும்வரை எனக்குப் பொறுக்காது, அதனால் பக்கங்களைப் போட்டோ எடுத்தும் அனுப்புவேன். எது முதலில் வந்தாலும் கடைசி வரி வரை படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள். அப்பாமேல் நீ எவ்வளவு வருத்தத்தில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நான் பத்து தடவை கேட்டபிறகு நீ அனுப்பிய அந்த மெசேஜை நான் மனப்பாடமாகவே சொல்வேன். வேலை போய்விட்டது, வீட்டுக்கு வந்துவிடட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன், ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், பரவாயில்லை அம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாய். அந்தப் பரவாயில்லை என்ற வார்த்தையைப் படித்தபோது எனக்கு அடுப்பில் என்ன வைத்தேன் என்பதே மறந்துவிட்டது. நேராக அப்பா முன்னால் போய் நின்று, பெற்ற பெண்ணை வர வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு எப்படி வாய் வந்தது என்று கேட்டேன். அவர் முழித்தார். "அவ கேக்கவே இல்ல. நான் எதுக்கு வராதேன்னு சொல்லப் போறேன்?" என்றார். என் பெண் பொய் சொல்கிறாளா என்று கத்தினேன், அவர் எழுந்து கார் ஷெட்டுக்குப் போய்விட்டார். குற்றமுள்ளவர்தான் அப்படிப் போவார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அன்றிலிருந்து ஆறு நாள் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டை டேபிளில் வைப்பேன், திரும்பி வந்துவிடுவேன். அவரும் என்ன ஏது என்று கேட்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது, அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

இந்த நேரம் பார்த்துத்தான் அவருக்குக் காற்று மெஷின் ஆசை முற்றிப்போயிருந்தது. லாரி ஒர்க்‌ஷாப்பில் முப்பத்து நாலு வருடம் டயரும் பாடியும் பார்த்தவர், சின்ன வயதில் நீ பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக் கொடுத்ததற்கு அதையே உனக்குப் பேராக வைத்தவர், ரிட்டயர் ஆன நாளிலிருந்து கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. நீ ஓட்டிப் பழகிய பழைய கார் ஷெட்டில் துரு ஏறி நிற்கிறதே, அதன் கதவுகளைச் சுரண்டித் தேய்த்து, பெயின்ட் அடித்து, நாலு சக்கரத்தையும் கழற்றி மாட்டிவிட வேண்டும், அதற்கு வீட்டிலேயே ஒரு கம்ப்ரஸர் வேண்டும் என்று மூன்று மாதமாக இதே பேச்சு. பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கமெல்லாம் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். நட்டுக் கழற்றுகிற இம்பாக்ட் கன், தேய்க்கிற சாண்டர், ஸ்ப்ரே கன், தூசி ஊதுகிற கன், டயருக்குக் காற்று அடிக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு காற்று வேண்டும் என்று வரிசையாக எழுதியிருக்கிறார். நான் கேட்டேனா கேட்கவில்லையா என்று பார்க்காமல் சாப்பாட்டு நேரத்தில் பாடம் நடத்தியே எனக்கும் பாதி மெக்கானிக் வேலை வந்துவிட்டது. டேங்க் பெரியதாக இருந்தால் மட்டும் போதாதாம், நிமிடத்துக்கு எவ்வளவு காற்றைத் தொடர்ந்து கொடுக்கும் என்பதுதான் முக்கியமாம். மாடியில் தண்ணீர்த் தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் மோட்டார் மெதுவாக ஏற்றினால் இரண்டாவது ஆள் குளிக்கும்போது சோப்போடு நிற்க வேண்டியிருக்கும் அல்லவா, அதே மாதிரி. இம்பாக்ட் கன் ஒரு மடக்குக் குடித்துவிட்டு நிறுத்திக்கொள்ளும், சாண்டரும் ஸ்ப்ரேயும் விடாமல் குடிக்கும், அதனால் நட்டுக் கழற்ற மட்டும் என்றால் சின்னது போதும், பெயின்ட் என்றால் பெரியதுதான் என்பார். ஆயில் ஊற்றுகிற மெஷின் என்றால் பெயின்டில் எண்ணெய்ப் பொட்டு விழாமல் இருக்க நடுவில் ஒரு ஃபில்டர் வைக்க வேண்டும், ஆயில் இல்லாத மெஷினுக்கு அந்தத் தொல்லை இல்லை, ஆனால் ஆயுசு குறைவு என்பார். டேங்க் அடியில் சேருகிற தண்ணீரை வேலை முடிந்ததும் திறந்துவிடாவிட்டால் உள்ளே துரு தின்றுவிடும் என்பதை என்னிடம் ஒரு இருபது தடவையாவது சொல்லியிருப்பார். இவ்வளவும் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு விஷயத்தில்தான் பிடிவாதம். சத்தம் இருக்கக் கூடாது. எது வாங்கினாலும் இருப்பதிலேயே சத்தம் குறைந்ததாக இருக்க வேண்டும். சம்மட்டி அடிக்கும் இடத்திலேயே ஒரு தூக்கம் போட்டு எழுகிற மனிதருக்குத் திடீரென்று சத்தம் ஏன் உறுத்துகிறது என்று எனக்குப் புரியவில்லை, கேட்கலாம் என்றால் நான்தான் பேசாமல் இருக்கிறேனே.

ஏழாவது நாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, வா, கடைக்குப் போகலாம் என்றார். அவரைத் தனியாக விட்டால் சமையலறைப் பாத்திரமெல்லாம் குதிக்கிற மாதிரி எதையாவது தூக்கிக்கொண்டு வந்துவிடுவார் என்று நானும் கிளம்பினேன், பேசாமலேயே. மெயின் ரோட்டில் ஹார்டுவேர் கடைக்குப் பின்னால் மெஷின்களுக்கென்றே ஒரு நீளமான கூடம், அதைப் பார்த்துக்கொள்வது முப்பது வயது இருக்கும் ஒரு பெண், கையில் கிரீஸ், காதுக்குப் பின்னால் பென்சில், நல்ல பொறுமைசாலி. அப்பாவின் காலண்டர் தாளை முழுக்கப் படித்துவிட்டு, சார் எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கீங்க, ஆனா கராஜுக்கு எதுக்கு இவ்ளோ சத்தம் குறைஞ்சது கேக்கறீங்க, அங்க யாரு இருக்கப் போறாங்க என்று அவர் முகத்துக்கு நேராகக் கேட்டாள். அதற்கு அப்பா சொன்னதைக் கேள். "சுவருக்கு அந்தப் பக்கம் என் பொண்ணு ரூம். அவ வந்தா காலைல லேட்டாத்தான் எழுந்திரிப்பா" என்றார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. வர வேண்டாம் என்று சொன்னவர் எதற்காக உன் தூக்கத்தைப் பற்றிக் கவலைப்படுகிறார்? நடிக்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். நடிக்கத் தெரிந்த மனிதரா அவர், சீட்டு விளையாடினாலே நல்ல சீட்டு வந்ததை மூக்கு காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தப் பெண் மூன்று மெஷினை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினாள். முதலாவது கையில் தூக்கிக்கொண்டு போகிற சின்னது, ஆயில் இல்லாதது. சுவிட்சைப் போட்டதும் கீச்சென்று ஒரு அலறல், என் பல்லெல்லாம் கூசிவிட்டது, பக்கத்தில் பெயின்ட் டப்பா பார்த்துக்கொண்டிருந்தவர் வெளியே போய்விட்டார், அந்தப் பெண்ணே ஒரு காதைப் பொத்திக்கொண்டாள். அப்பா மட்டும் குனிந்து, மெஷின்மேல் கையை வைத்து நிதானமாக நின்றார். இரண்டாவது நடுவாந்தரம். மூன்றாவது பெரிய டேங்க், பெல்ட் போட்டுச் சுற்றுகிறது, மெதுவாகத் தட தட தட என்று ஓடியது, அதன் பக்கத்தில் நின்றே சாதாரணமாகப் பேசலாம் போல இருந்தது. மூன்றையும் நிறுத்தியதும் அப்பா கொஞ்சமும் யோசிக்காமல் முதலாவதைக் காட்டி, "இதுதாம்மா அமைதியா இருக்கு. அந்தப் பெருசு ரொம்பச் சத்தம், அது வேண்டாம்" என்றார். தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்து அந்தப் பெண் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. அவள் ஹோஸை எடுத்து அந்தச் சின்ன மெஷினிலேயே மாட்டினாள், இரண்டையும் இணைக்கிற கப்ளர் சரியாக உட்காராமல் காற்று சீறிக்கொண்டு போனது, கூடத்தின் வாசலில் நிற்கிறவருக்குக்கூடக் கேட்டிருக்கும். அப்பா அதற்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, லீக் எதுவும் இல்லையே, நல்லா இருக்கே என்றார். லாரி டயரில் ஊசிமுனை ஓட்டையிலிருந்து காற்று போவதை நாலடி தள்ளி நின்று கண்டுபிடித்த மனிதர். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அவள் ஏதோ எடுக்கப் போவது போல அவருக்குப் பின்னால் போய், எப்போதும் பேசுகிற குரலில், சார் எத்தன வருஷம் சர்வீஸ் என்று கேட்டாள். அவர் திரும்பவே இல்லை, விலைச்சீட்டைப் படித்துக்கொண்டிருந்தார். அவள் என் பக்கத்தில் வந்து, "எங்கப்பாவுக்கும் இதேதாம்மா. மாவு மில்லுல இருந்தாரு. கனமான சத்தம் கேக்கும், கீச்சுன்னு மெல்லிசா இருக்கறது எதுவும் கேக்காது" என்றாள். நான் அப்பாவின் கையைப் பிடித்து, இன்றைக்கு வேண்டாம், யோசித்துவிட்டு வரலாம் என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கொஞ்சம் எழுந்து போய்விட்டு வந்தேன், போன் ஒரு தடவை மினுக்கியது, நீ இல்லை, கேஸ் புக்கிங் மெசேஜ். எங்கே விட்டேன்? வீட்டுக்கு வந்ததும் அவர் பேப்பர் விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, உங்கள் லுங்கி தீப்பிடித்துக்கொண்டது என்றேன். பக்கத்தைத் திருப்பினார். சமையலறையில் குக்கர் நாலாவது விசில் அடித்தது, நாலு விசிலில் ஒன்றைக்கூட அவர் கேட்டதாகத் தெரியவில்லை. தெருவில் லாரி போனால் மட்டும் தலையைத் தூக்கி, இன்ஜின்ல ஏதோ தட்டுது என்கிறார். எனக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம், வரவில்லை. நான் சொல்வது எதையும் காதில் வாங்குவதில்லை என்று எத்தனை வருடமாகத் திட்டியிருக்கிறேன், அதில் எத்தனை வருடம் நிஜமாகவே கேட்காமல் இருந்திருக்கும்? நாற்காலியை இழுத்துப் போட்டு முகத்துக்கு முகம் உட்கார்ந்து, உங்களுக்குக் காது கேட்கிறதா இல்லையா, உண்மையைச் சொல்லுங்கள் என்றேன். முதலில் கோபம். அப்புறம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அதன் பிறகு சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "ரெண்டு வருஷமா அவ குரல் போன்ல எனக்கு வரல. முகம் தெரிஞ்சா வாயப் பாத்துப் புரிஞ்சுக்குவேன். இல்லன்னா கடைசியா எப்பவும் என்ன கேப்பா, ஏதாவது வேணுமாப்பா, அனுப்பட்டுமான்னுதான கேப்பா. அதுக்கு எப்பவும் சொல்றதச் சொல்லிட்டு உங்கிட்டக் குடுத்துடுவேன்." எப்போதும் சொல்வது என்னவென்று உனக்குத் தெரியும். ஒண்ணும் வேண்டாம்மா, இங்க எல்லாம் இருக்கு. வீடியோவில் கூப்பிடு, முகத்தைக் காட்டிப் பேசு என்று உன்னை எவ்வளவு நச்சரிப்பார், பாசம் முற்றிவிட்டது என்று நீகூடக் கேலி செய்வாயே, இதற்காகத்தான். வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை நீ முகம் காட்டாமல் பேசியிருக்கிறாய். அழுத முகத்தை அப்பா பார்க்க வேண்டாம் என்று நினைத்திருப்பாய். நான் வேறு அன்றைக்குப் பார்த்து மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன், கீழே வருவதற்குள் நீ வைத்துவிட்டாய். நீ என்ன கேட்டாய் என்பதைக் கடைக்குப் போய்வந்த அன்றைக்குத்தான் நான் அவருக்கு விவரமாகச் சொன்னேன், உன் மெசேஜை எழுத்து எழுத்தாகக் காட்டினேன். படித்துவிட்டு அவர் போனைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். ஆறு நாள் உங்களோடு பேசாமல் இருந்தேனே, அதுகூடவா தெரியவில்லை என்று கேட்டேன். "நீ பேசாமதான் இருந்தியா? உன் குரலும் போயிடுச்சுன்னு நெனச்சு பயந்துட்டேன்" என்றார். அதைக் கேட்டதும் நான் எழுந்து சமையலறைக்குப் போய் அழுதேன், அழுது முடித்து வந்து இனிமேல் சண்டை என்றால் முன்னால் நின்றுதான் போடுவேன் என்று சொன்னேன்.

மறுநாளே காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து, காதில் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். வெளியே நின்ற எனக்குப் பொறுக்கவில்லை, அழுத்துங்கள் அழுத்துங்கள் என்று கண்ணாடி வழியாகச் சைகை காட்டி நர்ஸிடம் திட்டு வாங்கினேன். தாளில் வந்த கோடு பாதி தூரம் நேராக வந்து அப்புறம் படியில் உருண்டு விழுந்த மாதிரி இறங்குகிறது. முப்பத்து நாலு வருடம் காற்று கன் பக்கத்தில் காதில் பஞ்சுகூட இல்லாமல் நின்றதற்கு அதுதான் கூலி. போன காது திரும்ப வராது, ஆனால் காதுக்கு மெஷின் மாட்டினால் பேச்சு கேட்கும் என்றார் டாக்டர். காதுமெஷின் என்றால் கிழவன் ஆகிவிட்டேன் என்று ஊருக்குச் சொல்கிற மாதிரி என்று ஒன்றரை வருடம் முன்னால் என் சித்தப்பாவைப் பார்த்துச் சிரித்தவர், இப்போது டாக்டரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், அத மாட்டினா போன்ல கேக்குமா என்று. கேட்குமாம். அளவெடுத்திருக்கிறார்கள், வருகிற வாரம் கொடுப்பார்கள்.

கம்ப்ரஸர் என்ன ஆனது என்று கேட்பாய். முந்தாநாள் திரும்பப் போய் வாங்கிவிட்டோம், அந்தத் தட தடக்கிற பெரியதுதான், நான் காதால் தேர்ந்தெடுத்தது. கடைக்காரப் பெண்ணும் அதையே சொன்னாள், சாண்டருக்கும் ஸ்ப்ரேக்கும் அதுதான் தாங்கும் என்று. இம்பாக்ட் கன், சாண்டர், ஸ்ப்ரே கன், ஃபில்டர், பத்து மீட்டர் ஹோஸ் எல்லாம் வந்தாயிற்று. கூடவே காதை மூடுகிற கவசம் இரண்டு, ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு, நான் போட்டுப் பார்த்துவிட்டுத் தொலைக்காட்சிச் செய்திக்கும் அதையே போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னேன். ஷெட்டில் உன் அறைச் சுவரை ஒட்டி வைத்தால்தான் பிளக் பாயின்ட் பக்கம், இடமும் தோது. வைக்க மாட்டேன் என்றுவிட்டார். எதிர்ப்பக்கம் கேட் ஓரமாகத் தள்ளி, அடியில் ரப்பர் பாய் போட்டு, அந்த மூலைக்குத் தனியாக ஒயர் இழுக்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அரைநாள் ரகளை. எல்லாம் ஆகியும் இன்றுவரை சுவிட்சைப் போடவில்லை, தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார். மூன்று மாதம் உயிரை வாங்கிவிட்டு இப்போது எதற்கு மூடி வைத்திருக்கிறீர்கள் என்றால், சத்தம் எவ்வளவு என்று தனக்குத் தெரியாதாம், நான் சொல்வதும் செல்லாதாம், நான் எதற்கெடுத்தாலும் சத்தம் என்பேனாம். உன் அறையில் நீ படுத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டு கேட்டு, தூங்கலாம் என்று சொன்னால்தான் ஓட்டுவாராம். தினமும் ஷெட்டுக்குப் போய்த் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கிறார், மூடுகிறார், உள்ளே வருகிறார், மறுபடி போகிறார். அவர் அங்கும் இங்கும் நடப்பதைப் பார்த்து எனக்கும் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை, உன் அறை அலமாரியை நேற்று இரண்டு தடவை காலி செய்து இரண்டு தடவை அடுக்கினேன்.

கூரியர் கடை மூடிவிடும், முடிக்கிறேன். வேலை போனதற்கு நீ வெட்கப்பட ஒன்றுமில்லை, வேலை இன்னொன்று வரும், வரும்வரை இரு, வந்த பிறகும் இரு. நீ கேட்டது எங்கள் இருவருக்கும் இப்போதுதான் வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள். எங்கள் இருவரின் ஆசியும் எப்போதும் உன்மேல் உண்டு, எந்தக் குறையும் உன்னை அண்டாமல் நீ தலை நிமிர்ந்து நடக்க வேண்டும். மறக்காமல் போனை எடு, முகத்தைக் காட்டிப் பேசு, அழுத முகமாக இருந்தாலும் பரவாயில்லை, வாய் மட்டும் தெரியட்டும். அப்பா பக்கத்தில் வந்து நின்று பேனாவைக் கேட்கிறார், கொடுக்கிறேன்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
அம்மா

பத்தாம் நம்பருக்கு,
நீ கேட்டதுக்குப் பதில்: வா.
அப்பா